உள்ரூமிலிருந்து சேனல் மாற்றுகிறவர்கள்

கேபிள் டிவி ஆபீசில் போன் எடுக்கிற வேலைக்கு முதலில் வேண்டியது வாய். எனக்கு அது பிறந்ததிலிருந்தே கம்மி. எட்டாவதோடு நின்றவள் வேறு. வில்லாபுரத்தில் இந்த ஆபீசில் என்னைச் சேர்த்துக்கொண்டதே, வேறு யாரும் வராததால்தான். எனக்கும் வேறு போக்கிடம் இல்லை. கைப்பிள்ளையோடு வா, ஜன்னல் கம்பியில் தூளி கட்டிக்கொள் என்று எந்த ஓனர் சொல்வார்? இந்த அண்ணன் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "சத்தமாப் பேசிப் பழகும்மா. ஒரே வீட்டுல இருந்து திரும்பத் திரும்ப கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா, நான் வேற ஆளப் பாத்துக்கிருவேன்."

வருகிற போனில் பாதி உள்ரூம் டிவிக்குத்தான். பாக்ஸ் ஒன்று, டிவி ரெண்டு. ஹாலில் இருக்கிற பாக்ஸிலிருந்து உள்ரூமுக்கு ஒயர் போகும். உள்ரூம் டிவி பக்கத்தில் ஒரு குட்டிக் கண்ணை ஒட்டிவிடுவார்கள். அதைப் பார்த்து ரிமோட்டை அமுக்கினால் ஹாலில் இருக்கிற பாக்ஸ் சேனலை மாற்றும். ஆனால் ரெண்டு டிவியிலும் ஒரே சேனல்தான் ஓடும். உங்கள் வீட்டிலும் இது இருந்தால் மேற்கொண்டு நான் சொல்ல வேண்டாம், பட்டிருப்பீர்கள்.

பொட்டு வைத்த கண்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் போனைக் கீழே வைக்க முடியவில்லை. எல்லாருக்கும் ஒரே குறை, உள்ரூமில் ரிமோட் வேலை செய்யவில்லை. அவனியாபுரத்து அம்மா ஒருத்தரிடம், நேற்று அந்தக் கண்ணை யாரும் தொட்டீர்களா என்று கேட்டேன். "யாரும் தொடலயே. தொடச்சு சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, பூப் போட்டோம். அம்புட்டுத்தான்" என்றார்.

டிவிக்கு, பாக்ஸுக்கு, கிரைண்டருக்கு, கடைசியில் அந்தக் கண்ணுக்கும் அப்பிவிட்டார்கள். சந்தனம் காய்ந்து கெட்டியாகிவிட்டால் ரிமோட் என்ன செய்யும்? ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். கோபமாகப் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் அவராகவே கூப்பிட்டார். "ரிமோட்டு வேல செய்யுது. ஆனா வெள்ளிக்கிழமயும் அதுவுமா வச்ச பொட்ட அழிக்கச் சொன்ன பாரு, நீயும் ஒரு பொம்பளப் பிள்ளதானம்மா?"

ஹாலுக்கும் உள்ரூமுக்கும்

ரிட்டயர்டான வாத்தியார் ஒருவர், உள்ரூமில் சேனல் மாறவில்லை என்று கூப்பிட்டார். கனத்த உடம்பு என்பது போனிலேயே தெரிந்தது, அப்படி மூச்சு வாங்கினார். ஒயர் கோளாறா, ரிமோட் கோளாறா என்று தெரிய ஒரு வழி உண்டு. உள்ரூமில் ஒருத்தர் அமுக்க வேண்டும், ஹாலில் ஒருத்தர் பாக்ஸில் லைட் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் அவர் மட்டும்தான் என்பதை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்க வெட்கம்.

"அமுக்கியாச்சு" என்பார். லைட் மின்னுச்சா என்பேன். "சத்தமாப் பேசும்மா" என்பார். செருப்புச் சத்தம் ஹால் வரைக்கும் போகும். "இப்ப மின்னல." நீங்க அமுக்கினால்தானே சார் மின்னும் என்பேன். செருப்புச் சத்தம் திரும்ப உள்ரூமுக்குப் போகும். இப்படியே நடையாய் நடந்து, கடைசியில் நாற்காலி கிரீச்சென்றது. "ஏம்மா, சேனல் மாத்த எந்திரிச்சு நடக்க வேண்டாம்னுதான உங்ககிட்ட இந்த ஒயரயே வாங்குனேன்?"

கொடி

ஒரு வீட்டில் ஒயரை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, அடுத்த ஜன்னல் வழியாக உள்ளே எடுத்திருந்தான் எங்கள் பாண்டி, லைன் வேலை பார்க்கிற பையன். வெயில் நாளில் உள்ரூமில் படமே வராது என்று புகார். பாண்டி போய்ப் பார்த்தால் ஒயர் நிறையப் பாவாடையும் ஈரத் துண்டும், கனத்தில் டிவியிலிருந்து ஒயர் பிடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பேசச் சொல்லி போனை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டான். துணி காயப் போடாதீங்கக்கா என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "சரியாக் கைக்கு எட்டுற ஒசரத்துல நீங்களே இழுத்துக் கட்டிட்டு, இப்ப துணி போடாதன்னா என்னடி நியாயம்?"

தானாக மாறும் சேனல்

பக்கத்துத் தெருப் பெரியவர், செய்தி பார்க்கும்போது சேனல் தானாக சீரியலுக்கு மாறுகிறது என்று கூப்பிட்டார். பேட்டரியை மாற்றச் சொன்னேன். மறுபடி கூப்பிட்டார். அன்றைக்குப் பார்த்து ஓனரே எடுத்துவிட்டார். பாண்டியும் அன்றைக்கு ஊரில் இல்லை. "நீயே போயிப் பாரு. இன்னொரு தடவ அந்த வீட்டுல இருந்து போன் வந்துச்சு, நாளைக்கு நீ வர வேண்டாம்" என்றார்.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். ஹாலில் பெரியவர் இருந்தார். பாக்ஸுக்குப் பின்னால் காலண்டரை ஒட்டி ஒரு ஒயர் நைசாக உள்ரூமுக்குப் போனது. கதவிடுக்கில் மருமகள் நின்று, சொல்லிவிடாதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டது. மாமனார் வெளியே போயிருந்த நேரம் பார்த்துப் பாண்டியைக் கூப்பிட்டுப் போட்டிருக்கிறது என்று புரிந்துவிட்டது. இப்போது நான் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு ஏச்சு. சொல்லாவிட்டால் எனக்கு வேலை போகும்.

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "ஒயரு எனக்கும் தெரியும் தாயி. இம்புட்டு நாளா மருமக, எனக்குச் சீரியல் வேணும் மாமான்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து கேக்கல. கேக்குற வரைக்கும் உங்களக் கூப்பிட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம். "அய்யா, உங்க வீட்டுப் பேச்ச உங்க வீட்டுலயே பேசுங்க! நீங்க இன்னொரு தடவ கூப்பிட்டா என் வேல போயிரும். இந்தப் பிள்ளயத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?" என்றேன். இடுப்பிலிருந்த பிள்ளை பயந்து வீறிட்டது. உள்ரூம் டிவி அணைந்தது. மருமகள் வாசப்படி வரைக்கும் வந்து, தரையைப் பார்த்தபடி, "எட்டு மணிக்கு மட்டும் எனக்கு வேணும் மாமா" என்றது.

பெரியவர் ரிமோட்டை மருமகள் பக்கம் நகர்த்தி வைத்தார். "பாத்துக்க. இம்புட்டுத்தான? இதுக்குப் போயி அந்தப் பாண்டிப் பயல வச்சு செவுத்தத் தொளச்சிருக்க!"

வேலை எனக்குத் தங்கிவிட்டது, அந்த ஒயரும் அங்கேயே தங்கிவிட்டது. அதைக் கழற்றச் சொல்லி மாமனாரும் சரி, மருமகளும் சரி, இன்றுவரைக்கும் ஒரு போன்கூடப் போடவில்லை.