இனித் தடை இல்லை

என் கணவர் இறந்த அடுத்த மாதம் எங்கள் பங்குச்சாமியார் வீட்டுக்கு வந்தார். இளைஞர், நல்ல மனிதர். செருப்பை வாசலில் விட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்தபடி ஆறுதலாக நாலு வார்த்தை பேசினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இனிமே உங்களுக்குத் தடை ஒண்ணும் இல்லம்மா. நல்லா ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு, ஞாயித்துக்கிழமை வந்து நன்மை வாங்கிக்கலாம்" என்றார்.

தடை என்று அவர் சொன்னது என் கணவரை. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். திருச்சபைச் சட்டத்தில் இருப்பதைச் சொன்னார். ஆனாலும், சுவரில் புதிதாக மாட்டிய படத்தில் அந்தத் தடை சிரித்துக்கொண்டிருந்தது. சாமியார் கையிலிருந்த காபி டம்ளரைப் பிடுங்கிவிடலாமா என்று இருந்தது எனக்கு.

நான் பிறப்பிலேயே ஆர்.சி., கத்தோலிக்கப் பெண். அவர் புராட்டஸ்டண்ட். திருவண்ணாமலையில் இதை யாருக்கும் விளங்கவைக்க முடியாது. மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு நடுவே கிறிஸ்தவர்கள் என்று சிலர் இருப்பதே பலருக்குத் தெரியாது. அதிலும் இரண்டு வகை என்றால் சிரிப்பார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "ரெண்டு பேருக்கும் ஒரே சாமிதான? அப்பறம் இன்னா சண்டை?" சண்டை சாமியைப் பற்றியது இல்லை, சாமி சார்பாகப் பேச யாருக்கு அதிகாரம் என்பதைப் பற்றியது என்று சொன்னேன். அந்தச் சண்டை தன் வீட்டிலும் இருக்கிறது என்றார் அக்கா.

எங்கள் கல்யாணம் அவருடைய சபையில் நடந்தது. வேறு சபையில் தாலி கட்டிக்கொள்வதென்றால் எங்கள் பிஷப்பான ஆயரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பிறக்கும் பிள்ளையை ஆர்.சி.யாக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன் என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும். அதற்குள் அவர் வீட்டில் மண்டபம் பேசி, பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். அனுமதி வாங்காமலே கட்டிக்கொண்டோம். என் அப்பா வந்தார். ஆராதனைக்கு உள்ளே வராமல், நேராக மண்டபத்துக்குப் போய்ச் சாப்பாட்டுப் பந்தியில் மட்டும் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து என் திருச்சபையின் பார்வையில் நான் கல்யாணமாகாதவள். கல்யாணமாகாமல் ஓர் ஆணோடு குடும்பம் நடத்துகிறவள். பூசைக்குப் போகலாம், ஜெபமாலை சொல்லலாம், திருவிழாவில் தேருக்குப் பின்னால் நடக்கலாம். நன்மை மட்டும் வாங்கக் கூடாது. நன்மை என்பது பூசையில் சாமியார் தருகிற அப்பம். எங்களுக்கு அது அப்பம் இல்லை, ஆண்டவரே. சின்ன வயதில் வெள்ளை கவுன் போட்டு முதல்முறை வாங்கியதிலிருந்து ஒரு ஞாயிறும் விடாமல் வாங்கியவள், கல்யாணத்துக்குப் பிறகு கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்ந்தேன். எல்லோரும் வரிசையாகக் கிளம்பும்போது முழங்காலை ஒதுக்கி வழிவிடுவேன். அந்த நேரத்தில் என்னைப் பார்க்காமல் தாண்டிப் போக எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் கருகிப்போன மோட்டாரை வேனில் ஏற்றிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். ஞாயிறன்று அவருடைய ஆராதனை சீக்கிரம் முடிந்துவிடும். எங்கள் கோயில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருப்பார். நான் வெளியே வந்ததும் கேட்பார்: "இன்னிக்காவது குடுத்தாங்களா?" குடுக்கல என்பேன். ஏறி உட்காருவேன். முதலில் அது கேலிதான். பிறகு பழக்கமானது. போகப்போக அந்தக் கேள்வியில் ஒரு நோவு சேர்ந்துகொண்டது. அவர் அதைக் காட்டிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் வாதத்துக்குக் குறைவில்லை. நான் ஜெபமாலையை வைத்துவிட்டு எழுந்தால், எண்ணி முடித்துவிட்டாயா, ஒன்றும் குறையவில்லையே என்பார். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் நான் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தால் எதிரில் உட்கார்ந்து முட்டை தின்பார். மனிதன் செய்து ஒன்றும் ஆகாது, எல்லாம் கிருபை, நம்பினால் போதும் என்பது அவர் கட்சி. நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா என்பது என் கட்சி. அது வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டு என்பார். அதை வேதம் என்று உங்களுக்கு எடுத்துக் கொடுத்ததே எங்கள் திருச்சபைதானே என்பேன். குழம்பு ஆறிப்போகும். பாதி வாதங்களில் நான்தான் ஜெயித்தேன், அதனால் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இடையில் இருந்த ஒரு பங்குச்சாமியார், இதைச் சரிபண்ணிவிடலாம் என்றார். பெரிய காரியம் இல்லை, கோயிலுக்குள் இரண்டு சாட்சிகளோடு நின்று, புதிதாகச் சம்மதம் சொல்ல வேண்டும். முன்பு நடந்தது கல்யாணம் ஆகாது என்று ஒப்புக்கொண்டு, இப்போதுதான் கட்டிக்கொள்கிறோம் என்ற நினைப்போடு சொல்ல வேண்டும். நான் ஆசையோடு வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

"உனக்காக நான் எங்க வேணா வந்து நிக்கறேன். ஆனா நமக்குக் கல்யாணமே ஆவலன்னு என் வாயால சொல்ல மாட்டேன். நம்ம பொண்ணு அப்போ யாரு?"

எனக்குக் கோபம் வந்தது. ரொம்ப நாள் பேசாமலும் இருந்தேன். ஆனால் உலகத்தில் எந்தப் பெண்ணுக்கும் அவள் புருஷன் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

பக்கவாதம் வந்து அரசு மருத்துவமனையில் கிடந்தபோது அவருக்குப் பயமே இல்லை. வாய் கோணிப் போயிருந்தது, ஆனால் பேசியது புரிந்தது. நான் என்ன பண்ணினேன், ஒன்றும் பண்ணவில்லை, எல்லாம் கர்த்தர் பண்ணியது, அதனால் தைரியமாகப் போகிறேன் என்றார். எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அவ்வளவு ஜெபமாலை சொல்லியும் அதில் கால்வாசி தைரியம் எனக்கு வரவில்லை. அவரை அடக்கம் செய்த நாள் பௌர்ணமி. மலை சுற்றும் கூட்டத்துக்காகச் சாலைகளை அடைத்திருந்தார்கள். அமரர் ஊர்தி ஊரைச் சுற்றிக்கொண்டு கல்லறைக்குப் போனது. சபையார் எங்களுக்கு முன்பே போய் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

அவருடைய போதகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு கர்த்தர்கிட்ட போயிட்டாரு. இனிமே நீங்க அவருக்காக ஒண்ணும் பண்ண வேண்டியது இல்லம்மா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை வருஷம் அந்த மனிதருக்குச் சோறு பொங்கி, துணி துவைத்து, மாத்திரை எடுத்துக் கொடுத்தவளிடம் இனி ஒன்றும் பண்ண வேண்டியதில்லை என்றால் அது என்ன ஆறுதல்? எங்கள் பக்கத்தில் பண்ண எவ்வளவோ உண்டு. பூசை வைக்கலாம், மோட்சத்துக்குப் போகுமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்துக்கிடக்கிற ஆத்துமாக்களுக்காகக் கேட்கலாம். அவர் பெயருக்குப் பூசை வைத்தேன். சாமியார் பீடத்திலிருந்து அந்தப் பெயரை வாசித்தபோது, இத்தனை வருஷம் வேப்பமரத்தோடு நின்றுவிட்ட மனிதரை அவர் சம்மதம் இல்லாமல் உள்ளே இழுத்து வந்தது போலிருந்தது.

என் கோயிலில் நான் அவருக்காக வேண்டிக்கொள்ளலாம், நன்மை வாங்க முடியாது. அவர் சபையில் திருவிருந்துப் பந்திக்கு வா என்று கூப்பிடுகிறார்கள், அவருக்காக வேண்டிக்கொள்ளக் கூடாது. கல்லறைத் திருநாளன்று சாமந்தியும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு அவர் கல்லறைக்குப் போனேன். போதகர் அங்கே செத்தவர்களுக்காக ஜெபிப்பதற்கு வேதத்தில் இடமில்லை என்று பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். நான் முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

அதற்குப் பிறகு ஒருநாள் இளம் சாமியாரிடம் பழைய கதையைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, இன்னொரு வழி இருந்ததே என்றார். வீட்டுக்காரர் மறுபடி சம்மதம் சொல்ல வேண்டியதில்லை, எங்கும் வந்து நிற்க வேண்டியதுகூட இல்லை, நடந்த கல்யாணத்தையே அப்படியே செல்லும் என்று ஆயர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். அப்போது யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, ஏனென்றால் கேட்கலாம் என்றே தெரியாது. இப்போது அது முடியுமா என்றேன். ரெண்டு பேரும் உயிரோடு இருக்க வேண்டும் என்றார். அன்று வேங்கிக்கால் வரை பஸ்ஸில் போய், எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் போனில் சத்தம் போட்டாள். "நீ பாட்டுக்குப் போய் வாங்கிக்கோம்மா. உன்னை யாரு நிறுத்திக் கேக்கப் போறாங்க?" யாரும் கேட்க மாட்டார்கள்தான். ஆனால் அது ஆண்டவர் என்று நம்புகிறவளுக்குத் திருட்டுத்தனமாக எப்படி வாங்குவது? அவள் அப்பா சபையில் வளர்ந்தவள், இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. அவளிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

பட்டினி கிடந்தவளுக்குப் பசி போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது. கடைசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்காலிட்டேன். கோபப்பட்டது, பொறாமைப்பட்டது, அப்பா சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசாதது எல்லாம் சொன்னேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு தட்டியின் அந்தப் பக்கத்திலிருந்து, அந்தக் கல்யாண விஷயம் என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார். தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மன்னிப்புச் சொல்லிவிடுவார், மறுநாள் காலையில் நான் வரிசையில் நிற்பேன்.

"அதுக்கு எனக்கு வருத்தம் இல்லீங்க, ஃபாதர்" என்றேன்.

"வருத்தம் இல்லாம மன்னிப்பு சொல்றதுக்கு எனக்கே அதிகாரம் இல்லம்மா" என்றார். பாவம், அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் பூசையில் எல்லோரும் எழுந்தார்கள். நான் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டேன். முடிந்ததும் கூட்டத்தோடு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் யாரோ புதிதாக ஒரு ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். அதன் பக்கத்தில் போய் நின்றேன். "இல்லீங்க, குடுக்கல" என்று சொல்லிவிட்டு, ஷேர் ஆட்டோ பிடிக்க நடந்தேன்.