பிரிட்ஜுக்குள் ஒரு பல்பு

வெங்காயம் நறுக்கும்போது கண் எரிந்தால்தான் எனக்கு இன்றும் நிம்மதி. எரியாவிட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருப்பதை மோந்து பார்ப்பேன்.

அப்போது சைதாப்பேட்டையில் ஆற்றோரம் குடியிருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, அடையாறில் ஒரு பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார். அந்த வீட்டம்மா குளிர் ஊரிலிருந்து கொண்டுவந்த டாஃபோடில் பூக்கிழங்குகளில் மிஞ்சிய ஆறை அவருக்குக் கொடுத்திருந்தார். நம் ஊரில் ஏது குளிர்காலம்? இரண்டு மாதம் பிரிட்ஜில் வைத்து, பிறகு தொட்டியில் நட்டால் மஞ்சளாய்ப் பூக்குமாம். அந்த வீட்டில் அவற்றை ‘பல்பு’ என்பார்கள். மாமாவுக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது.

காகிதப் பையில் போட்டு எங்கள் பிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்துவிட்டு, “பாப்பா, உள்ள பல்பு வெச்சிக்கிறேன். வெசம். யாரும் தொட வாணாம்னு அம்மாகிட்ட சொல்லிடு” என்றார். எனக்கு ஒன்பது வயது. தெருவில் ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. வேலையிலிருந்து வந்த அம்மாவிடம், “பிரிட்ஜு பல்ப தொட வாணாமாம், மாமா சொன்னாரு” என்று சொல்லிவிட்டு ஓடினேன். பிரிட்ஜைத் திறந்து, உள்ளே மினுக்கிக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்து, “ஆமா, ஷாக் அடிச்சிடப் போவுது” என்றாள் அம்மா.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் தீர்ந்திருந்தது. பிரிட்ஜிலிருந்த காகிதப் பையில் வெங்காயம் போலவே கிடந்தவற்றில் இரண்டை எடுத்து நறுக்கிய அம்மா, “கண்ணே எரியல பாரேன்” என்று சிரித்தாள். முதலில் சாப்பிட்டவள் என் நாலு வயதுத் தங்கை. தட்டைக் கழுவுவதற்குள் வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டாள். கிழங்கைப் பார்த்துப் போகலாம் என்று அந்த நேரம் வந்த மாமா, பையைப் பிரித்து எண்ணியவர், “அக்கா, இது பூக்கிழங்கு! வெசம்!” என்று கத்தினார்.

ஆட்டோவில் அவள் கால்கள் என் மடியில் சில்லென்று கிடந்தன. செத்துவிடுவாள், நான்தான் கொன்றேன் என்றே நினைத்தேன். “சொல்லித் தொலைச்சா இன்னாடா?” என்று அம்மா அலற, “பாப்பாகிட்ட சொன்னேனே, வெசம்னு” என்றார் மாமா. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பயத்தில் வாய் தானாகச் சொன்னது: “மாமா வெசம்னு சொல்லல.” மாமா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தங்கையின் கால்களைத் தேய்க்கத் தொடங்கினார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தங்கை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். மாமா மட்டும் அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா தெருவில் எறிந்த கிழங்குகளில் ஒன்றைப் பொறுக்கி, பெயிண்ட் டப்பாவில் நட்டுவைத்தேன். குளிர் போதவில்லை போலும், இலை மட்டும் வந்தது.

ஆற்றோரத்தைக் காலி செய்ய வந்த அரசாங்கத்தார் அந்த வீட்டை இடித்து, எங்களை ஊருக்கு வெளியே கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். மாமாவும் இன்று இல்லை. தங்கையின் பிள்ளைக்கு அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், “ஒரு வார்த்த சொல்லாம வெச்சிட்டுப் போனான் பாவி” என்றுதான் முடிக்கிறாள். நான் தலை நிமிராமல் வெங்காயம் நறுக்குகிறேன். மாமா என்னிடம் சொன்னார் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.