ஜாக்கி வைத்துத் தூக்கிய ஊர்

வீடு கட்டுகிறவர்களை ஊருக்குத் தெரியும், இடிக்கிறவர்களையும் தெரியும். இரண்டுக்கும் நடுவில், இருக்கிற வீட்டை அப்படியே தூக்கி உயரத்தில் வைக்கிற எங்களைப் பார்த்தால் மட்டும் எல்லோரும் ஒரு முறை சந்தேகமாகச் சிரிப்பார்கள்.

உங்கள் தெருவிலும் ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு, வாசல் பள்ளமாகியிருக்கும். மழைக்கு முன்னால் பழைய சேலையும் மணல் மூட்டையும் வைத்து வாசலை அடைத்திருப்பீர்கள். கட்டில் மேல் பீரோவை ஏற்ற முடியுமா என்று யோசித்திருப்பீர்கள். அப்படி என்றால் நீங்கள் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

நான் ஸ்டெல்லா. சிவில் டிப்ளமோ படித்தவள். திருச்சியில் வீடு தூக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சூப்பர்வைசர். வேலை சொல்வதற்குச் சுலபம்: சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, இரும்புச் சட்டத்தையும் அதன் கீழே வரிசையாக ஜாக்கிகளையும் வைப்போம். எல்லா ஜாக்கியையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திருக வேண்டும். ஒன்று முந்தினாலும் சுவரில் விரிசல். ஷேக் மேஸ்திரி விசில் ஊதுவார், பீகார் தம்பிகள் திருகுவார்கள். வீடு எறும்பு நகர்கிற வேகத்தில் ஏறும்.

பெருமாளும் ஜாக்கியும்

ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சந்து. ஆற்றில் தண்ணீர் நிறைந்து போனால் சாக்கடை வழியாகத் திரும்பி வீட்டுக்குள் வரும். சம்பத் மாமாவும் ருக்மிணி மாமியும் இரண்டு வருஷம் அதைச் சகித்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார்கள். மாமா ரிடையர்டு கணக்கு வாத்தியார். ஜாக்கிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு ஜாக்கிக்கு எவ்வளவு எடை விழும் என்று சுவரிலேயே பென்சிலால் வகுத்தல் போட்டார். விடை சரியாகவே இருந்தது.

மாமிக்குக் கவலை வேறு. பூஜை அறையில் பள்ளிகொண்ட கோலத்தில் ஒரு சின்ன விக்கிரகம். தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் இருப்பது. வீடு ஆடும்போது அவர் அங்கே இருக்கலாமா, வேறு அகத்துக்கு எழுந்தருளப் பண்ணவா, அதற்கு நாள் பார்க்கணுமா என்று மாமி என்னைக் கேட்டார். தேவாலயத்துக்குப் போகிற என்னிடம் இந்தக் கேள்வி வந்தால் நான் என்ன சொல்வேன்? ஷேக் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். உள்ளே இருந்து மாமா குரல் கொடுத்தார்:

"அவர் சயனத் திருக்கோலம்தானேடி, எழுப்பவே வேண்டாம். படுக்கையோட தூக்கச் சொல்லு."

பன்னிரண்டு பேர் குதித்தார்கள்

அந்த வீட்டைத் தூக்கி முடித்துப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது எனக்கு ஒரு போன். "சத்திரம் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம்மா, பன்னெண்டு பேரு. தூக்கின வீடு எங்க இருக்கு?" என்று ஒரு பெண் குரல். பேசியவர் அஞ்சலை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் கிராமத்தில் மீன் விற்கிறவர், மகளிர் குழுத் தலைவி. முன்பெல்லாம் புயலுக்கு மட்டும் ஊருக்குள் வந்த கடல், இப்போது பௌர்ணமி அன்று கடல் பொங்கும் ஓதத்துக்கே வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வருகிறதாம். கைப்பம்பில் உப்புத் தண்ணீர். ஊரை விட்டுத் தூரமாகப் போகச் சொல்கிறார்கள் அதிகாரிகள். படகு இங்கே, வீடு அங்கே என்றால் எப்படிப் பிழைப்பது என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அந்த நேரத்தில் எங்கள் வேலையின் வீடியோவை யாரோ போனில் காட்ட, நேரில் பார்த்துவிட்டுத்தான் நம்புவது என்று கிளம்பி வந்துவிட்டார்கள்.

மாமி அத்தனை பேருக்கும் காபி கொடுத்தார். அவர்கள் சுவரைத் தட்டினார்கள், மூலை மூலையாகக் குனிந்து பார்த்தார்கள். பிறகு அஞ்சலை ஏதோ ஜாடை காட்ட, பன்னிரண்டு பேரும் கூடத்தின் ஒரு மூலையில் நெருக்கமாக நின்று, ஒன்று இரண்டு மூன்று என்று சேர்ந்து குதித்தார்கள். அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. சுவர் அசையவில்லை. சம்பத் மாமா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "என்ன பண்றேள்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அஞ்சலையும் மரியாதையாகவே பதில் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க சார். எங்க வீட்டுல பேரப்புள்ளைங்க இத விட ஜாஸ்தியா குதிக்கும்."

குழாய் சொன்ன உயரம்

அடுத்த வாரம் நாங்கள் அவர்கள் ஊருக்குப் போனோம். எவ்வளவு உயரம் தூக்குவது என்று முடிவு செய்ய, கடைசியாகத் தண்ணீர் வந்தபோது எதுவரை நின்றது என்று ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். பெண்கள் ஒரு மணி நேரத்தில் ஊர் முழுக்கக் கோடு போட்டார்கள். ஒரு வீட்டில் முழங்கால், அடுத்த வீட்டில் கணுக்கால். "தண்ணி ஆளுக்கு ஒரு மாதிரி நடத்துது பாருங்க" என்றார் ஒருவர். அப்புறம் டியூப் லெவலை எடுத்தோம். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு பக்கமும் பிடித்தால், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதை வைத்துப் பார்த்தால் எல்லாக் கோடும் ஒரே மட்டம். தண்ணீர் ஒன்றுதான், வீடுகள்தான் மேடும் பள்ளமும்.

காத்தமுத்து என்று ஒரு படகுக்காரர் மட்டும் கோடு போடவில்லை. தன் வீடுதான் ஊரிலேயே உயரம், இதுவரை ஒரு சொட்டு வந்ததில்லை என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். குழாயைப் பிடித்துப் பார்த்தால், தெருவிலேயே பள்ளமான வீடு அவருடையது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் மறித்ததால் தண்ணீர் வேறு பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான். அவர் நம்பவில்லை. மறுபடி பிடிக்கச் சொன்னார். மறுபடியும் அதே. கூட்டத்தில் எல்லோரும் சிரிக்காமல் இருக்க ரொம்பச் சிரமப்பட்டார்கள். அஞ்சலை மட்டும் முகத்தை வைத்தது வைத்தபடி சொன்னார்:

"கொழாயத் தலகீழாப் புடிங்கம்மா, அவரு மனசுக்காவது வீடு ஒசரட்டும்."

அஞ்சலையின் வீடு

இதை எழுத எனக்கு இன்னும் கொஞ்சம் கை தயங்குகிறது. தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வீடும் தாங்குமா என்று சோதிப்போம். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து சிமெண்ட் உதிர்ந்த வீடுகளில் ஜாக்கி வைக்க முடியாது. அந்த ஊரில் அப்படி ஐந்து வீடுகள். ஐந்தாவது வீட்டில் தூணைச் சுத்தியலால் தட்டினேன். பொக்கென்று சத்தம் வந்து பட்டை பட்டையாக விழுந்தது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அஞ்சலை. அது அவர் வீடு.

"தாங்காதா?"

"தாங்காதுக்கா."

கீழே விழுந்த சிமெண்டை அவரே கூட்டி அள்ளிப் போட்டார். பிறகு, "நாளைக்கு ஊர்க் கூட்டம். அதுவரைக்கும் யார் கிட்டயும் சொல்லாத" என்றார். கூட்டத்தில் லிஸ்டைப் படிக்க வேண்டியது என் வேலை என்றேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வலை பின்னும் கொட்டகையில் ஊரே கூடியது. எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று ஒருவர் கேட்டார். மழுப்பாமல் சொன்னேன்: இது கடலை நிறுத்தாது, அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் நேரம் கிடைக்கும், அவ்வளவுதான். அதனால் புதிதாகக் கட்டுகிற பால்வாடியும் தண்ணீர்த் தொட்டியும் கரைப் பக்கம் வேண்டாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேட்டில் வைக்கலாம் என்று பேச்சு போனது. எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது காத்தமுத்து எழுந்தார். குழாய்க் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது. "அஞ்சலை தன் வீட்டத் தூக்கிக்கத்தான் ஊரையே இழுக்குது" என்றார்.

என் கையில் லிஸ்ட். அஞ்சலை எழுந்து வந்து அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தூக்க முடியாத வீடுகள் என்று ஆரம்பித்து, முதலில் தன் பெயரைப் படித்தார். மற்ற நாலு பெயரையும் படித்துவிட்டு, "நான் மேட்டுக்குப் போறேன். தூக்கறதுல எனக்கு இனிமே ஒண்ணும் இல்ல. இப்ப சொல்றேன், உங்க வீட்டத் தூக்குங்க" என்று சொல்லி உட்கார்ந்தார்.

காத்தமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டார். கடைசியில் அஞ்சலையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என் வீட்டத் தூக்கும்போது முன்னாடி ஒரு மேடையும் சேத்துக் கட்டுங்கம்மா. அந்த அஞ்சு வீட்டு வலையும் கூடையும் கரையில அங்கதான் இருக்கணும்."

விசில் கேட்காத ஊர்

தூக்கத் தொடங்கிய முதல் நாளே சிக்கல். கடல் காற்றில் ஷேக் மேஸ்திரியின் விசில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. முன்பக்கத் தம்பிகள் திருக, பின்பக்கத் தம்பிகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி உடனே நிறுத்தினார். வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மீனவர்கள், "நாங்க குரல் குடுக்கிறோம்" என்று வந்து வீட்டைச் சுற்றி நின்றார்கள். படகு தள்ளும்போது போடுகிற குரல். ஒருவர் "ஐலசா" என்று ஆரம்பிக்க, சுற்றிலும் பதில் குரல், ஒவ்வொரு குரலுக்கும் ஜாக்கியில் கால் சுற்று. அன்று ஏறியதைப் போல் ஒரே சீராக எந்த வீடும் ஏறி நான் பார்த்ததில்லை. வீட்டுக்குள் அடுப்பில் இருந்த குழம்புகூடச் சிந்தவில்லை என்று மறுநாள் வந்து சொன்னார்கள்.

பீகார் தம்பிகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. ஒரு மாதம் கழித்து ஸ்ரீரங்கத்தில் அதே சந்தில் இன்னொரு வீட்டைத் தூக்கும்போது, மேஸ்திரி விசிலை வாயில் வைப்பதற்குள் ஒரு தம்பி "ஐலசா" என்றான். மற்றவர்கள் பதில் கொடுத்துத் திருக ஆரம்பித்துவிட்டார்கள். சந்தே திரும்பிப் பார்த்தது. சம்பத் மாமாவும் சத்தம் கேட்டு வந்து கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, தூக்கறேளா, இல்லை கொள்ளிடத்துல இறக்கி விடப் போறேளா?"

படி இல்லாத வீடு

எங்கள் தொழிலில் எல்லோரும் மறக்கிற ஒன்று, படி. நாலு அடி ஏற்றுவதைப் பற்றி மூன்று கூட்டம் போட்டவர்கள், ஏறிய பிறகு எப்படி இறங்குவது என்று யோசிக்கவே இல்லை. காத்தமுத்து வீடு ஏறி முடிந்தபோது அவர் வெளியே, அவர் மனைவி பார்வதி உள்ளே. மீன் பெட்டியைப் போட்டு இறங்கச் சொன்னோம். "வழுக்கும், இறங்க மாட்டேன்" என்றார் பார்வதி. கொத்தனார் படி கட்டி அது காய இரண்டு நாள் ஆகும். ஏணி கொண்டுவரச் சொல்கிறேன் என்றேன். அவசரம் இல்லை என்றார்.

மதியம் போனால், பார்வதி நிலைவாசலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, தட்டில் சோறு போட்டுக் கீழே நீட்டுகிறார். காத்தமுத்து தெருவில் நின்று, அண்ணாந்து பார்த்து, குழம்பு இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏணியை எடுத்து வந்த என்னைப் பார்த்து பார்வதி கையை அசைத்தார்:

"இருக்கட்டும் மேடம். முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் இவரு என்னய அண்ணாந்து பாத்துப் பேசறாரு."

முதல் தண்ணீர்

மேட்டில் அஞ்சலைக்கும் மற்ற நாலு குடும்பத்துக்கும் வீடு எழும்பியது. கடல் அவ்வளவு தூரம் வராதே என்று நான் சொல்லியும் கேட்காமல், தூக்கிய வீடுகளின் அதே உயரத்துக்குக் கடைக்கால் போடவைத்தார் அஞ்சலை. குடிபோகிற அன்று காத்தமுத்துதான் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாராம்.

ஐப்பசிப் பௌர்ணமி வந்தது. எத்தனை வீடு தூக்கியிருந்தாலும் முதல் தண்ணீர் வந்து போனால்தான் எனக்கு நம்பிக்கை. நான் போன் செய்வதற்குள் அஞ்சலையே செய்தார். பின்னால் ஒரே இரைச்சல். தண்ணீர் வந்துவிட்டதாம், பார்வதி வீட்டுப் படியில் மூன்று நனைந்து நாலாவது காய்ந்திருக்கிறதாம், பிள்ளைகள் படியில் உட்கார்ந்து காகிதக் கப்பல் விடுகிறார்களாம், வலையும் கூடையும் மேடை மேல் பத்திரமாம். யாரும் மணல் மூட்டை தேடவில்லை. முன்பு போல் பள்ளிக்கூடத்தில் ஒதுங்க ஓடவும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்து, பதிலுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன். அஞ்சலை சொன்னது இவ்வளவுதான்:

"சரிம்மா, தண்ணி வடிய ஆரம்பிச்சிடுச்சு. மார்க்கெட்டுக்கு நேரமாவுது, வைக்கிறேன்."

இத்தனை வீடுகளைத் தூக்கிய நான் குடியிருப்பது திருவெறும்பூரில் ஒரு பள்ளமான வாடகை வீட்டில். தூக்கலாமே என்று ஒவ்வொரு மழைக்கும் சொல்லிப் பார்க்கிறேன், வீட்டுக்காரர் வாடகையைத்தான் தூக்குகிறார்.