பச்சைக் கடல்

பாண்டி பஜார் பின்தெருவில் கம்ப்யூட்டர் கேம் காப்பி போட்டுத் தரும் கடையில் வேலை செய்தேன். அங்கே ராயப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வருவார். மருதாணி போட்ட தாடி, கழுத்தில் தையல் டேப். பேசும்போது கவுண்டர் மேல் ஒரு விரலால் தட்டிக்கொண்டே இருப்பார், அங்கே கீபோர்டு இருப்பது போல.

பெயர் மறந்துபோன ஒரு கேமைத் தேடினார்.

"படகு போவும் நைனா. பறவை வந்து மீனைக் கொத்திக்கினு போய்டும். கடல், வானம் எல்லாம் பச்சை."

"எங்க ஆடினீங்க?"

"முன்ன வேலை செஞ்ச எக்ஸ்போர்ட் கம்பெனில. லெஃப்ட் பட்டன் நானு, ரைட் பட்டன் என் தம்பி. இப்ப அவன் என்னாண்ட பேசறதில்ல. இதைப் போட்டா வந்து பக்கத்துல குந்துவான்."

படகு வருகிற கேம் எல்லாம் போட்டுக் காட்டினேன். ஒன்றில் பறவையும் வந்தது. அவர் விரல் நின்றது. பிறகு தலையை ஆட்டினார்.

"கடல் நீலமா கீதே. இது இல்ல."

"கடல்னா நீலமாத்தான் இருக்கும், பாய்."

சிரித்துவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை.

சில மாதம் கழித்து முதலாளி ஏதோ ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். அதன் திரையில் பச்சை மட்டும்தான் தெரியும், வேறு கலர் வராது. அந்தப் பறவை கேமை அதில் போட்டேன். பச்சைக் கடலில் பச்சைப் படகு போனது.

ராயப்பேட்டையில் தையல் கடைகளில் விசாரித்தேன். ஆள் கிடைக்கவில்லை.

ஒருநாள் ஒருவர் அந்தக் கம்ப்யூட்டருக்கு விலை கேட்டார். வித்தாச்சு என்றேன். அவர் போனதும் முதலாளி கேட்டார்.

"யாருக்குடா வித்தே?"

"ஒரு பாய்க்கு. பேர் தெரியாதுண்ணே. வருவாரு."