சோலையின் வயிற்றுப் படம்

நரிக்குடிக்குக் கிழக்கே ஆடு மேய்த்த சோலைக்கு, செத்த ஆட்டைக் கீறிப் பார்த்து அது எதனால் செத்தது என்று சொல்லத் தெரியும். இரைப்பையைப் புரட்டுவார். "எளஞ்சோளத்தத் தின்னுருக்குலே" என்பார். ஊரில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. 1944இல் அவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறதென்று யாராலும் சொல்ல முடியவில்லை. எட்டு மாதமாகத் தின்றதெல்லாம் வெளியே வந்தது. ஆள் காய்ந்த கருவேலங்குச்சியாகிவிட்டார்.

மதுரையில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்தார். புண்ணாக இருந்தால் மருந்து, கட்டியாக இருந்தால் உடனே ஆபரேஷன். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும் என்றார். ஆபரேஷன் செய்கிறவரும் அவர்தான். மறுநாள் சாயங்காலம் பட்டாளத்துக்குப் புறப்படுகிறார். யுத்தத்தால் ஃபிலிம் வருவது நின்று, மிச்சம் ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் சோலைக்குத் தருவதாகச் சொன்னார்.

சோலையின் மனைவி ஒச்சம்மாளும், எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று நானும் கூடப் போயிருந்தோம். எக்ஸ்ரே அறையைப் பார்த்துக்கொண்ட சவரியப்பன் விவரம் சொன்னார். ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் கூடாது. காலையில் ஒரு குவளை வெள்ளைக் கரைசல் குடிக்க வேண்டும். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி இருக்கும். கதிர் சதையைத் தாண்டிப் போய்விடும், அந்த வெள்ளையைத் தாண்டாது. அதனால் இரைப்பையின் உருவம் படத்தில் விழும். வலிக்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தால் போதும். உடம்பில் உலோகம் மட்டும் இருக்கக்கூடாது. அதுவும் படத்தில் விழும்.

சோலை கடுக்கனைக் கழற்றினார். அரைஞாண் கயிற்றில் ஒரு செப்புத் தாயத்து இருந்தது. அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. எங்கள் பக்கம் அரைஞாணை அறுப்பது பிணத்துக்குத்தான். அவர் அதைக் கீழே இறக்கி வேட்டிக்குள் செருகியதை நான் பார்த்தேன். வயிற்றுக்குக் கீழேதானே என்று சும்மா இருந்துவிட்டேன்.

குமட்டக் குமட்ட வெள்ளையைக் குடித்தார். மேசையில் படுக்கவைத்துவிட்டு, மூச்சைப் பிடிக்கச் சொல்லி சவரியப்பன் தடுப்புக்குப் பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார். மெஷின் உறுமி அடங்கியது.

ஈரப் படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இரைப்பை சுரைக்காய்போல வெள்ளையாகத் தெரிந்தது. அதன்மேல், சரியாக வலிக்கிற இடத்தில், தாயத்து. அதை இறுக்கிப் பிடித்த விரல் எலும்புகள்.

"பயமாருந்துச்சு தம்பி. கை தானாப் போயிருச்சு" என்றார் சோலை.

டாக்டர் கோபப்படவில்லை. மறைந்த இடத்தில்தான் பார்க்க வேண்டியது இருக்கிறது, இந்த உடம்பைச் சும்மா திறந்து பார்த்தால் தாங்காது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஒச்சம்மாள் எழுந்து வந்தாள். கட்டுத்துணி வெட்டும் கத்தரி மேசையில் கிடந்தது. எடுத்தாள். புருசனின் அரைஞாணை ஒரே வெட்டாக வெட்டினாள். தாயத்து தரையில் உருண்டது.

"இப்ப எடுங்கய்யா."

சவரியப்பன் ஃபிலிம் பெட்டியைத் திறந்து காட்டினார். அவள் உள்ளே கைவிட்டு மூலையெல்லாம் தடவிப் பார்த்தாள்.

கரியில் ஓடுகிற பஸ்ஸில் திரும்பினோம். ஒச்சம்மாள் முந்தானை ஓரத்தைக் கிழித்து, அரைஞாணுக்குப் பதிலாக அவர் இடுப்பில் இறுக்கக் கட்டியிருந்தாள். காரியாபட்டி தாண்டும்வரை சோலை அந்தப் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஆடா இருந்தா இன்னேரம் கீறிப் பாத்துச் சொல்லிருப்பேன்" என்றார்.