நாற்பத்தோராவது கட்டம்

எங்கள் அக்கா யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்தார். அம்மா வேளைக்கே கண்ணை மூடிவிட்டதால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி என்னை வளர்த்தார். நான் எட்டோடு நின்றவன். பிறகு ஐந்து நாடுகளில் கோப்பை கழுவியும் பெட்டி தூக்கியும் திரிந்தேன். வேலை போன போதெல்லாம் டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத்து அக்கா வீட்டுச் சோபாவில்தான் படுத்தேன்.

அக்கா உடுப்புத் தைத்த தொழிற்சாலை மூடியதும், கொம்யூன் என்கிற நகரசபை அவரைப் பக்கத்து நகரத்து இசைக்குழு ஒன்றின் இசைத்தாள் அறைக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. தாள் ஒட்டத்தான் எடுத்தார்கள். அக்கா இசைக்குறிகளை வாசிக்கவே பழகிவிட்டார். குழுவில் மேளத்திலிருந்து சிம்பல் என்கிற பெரிய தாளத்துக்கு ஓடுகிறவருக்குப் பக்கம் திருப்பக் கை இராது. அதனால் அவர் வாசிக்காத ஓய்வு வரும் இடத்தில் பக்கம் முடியும்படி தாள்களை வெட்டி ஒட்டுவார். சரிபார்க்க, குசினியில் சோற்றுப்பானையை மேளமாகவும் மூடியைச் சிம்பலாகவும் வைத்து என்னை நடக்கவிடுவார்.

"கெதியாய் நட தம்பி. அந்த மனிசன் உன்னைப்போலச் சோம்பேறியில்லை."

ஒருநாள் ஒத்திகையில் சிம்பல், இசைத்தாளின் கணக்கில் ஒரு கட்டம் முந்தி விழுந்தது. இசைக்குழு நடத்துநர் எல்லோர் முன்னும் வாசித்தவரை ஏசினார். பின்னேரம் அக்கா மூலத்தாளை எடுத்து எண்ணிப் பார்த்தார். இரண்டு பக்கத்து ஓய்வை ஒன்றாக்கியபோது, நாற்பத்தொரு கட்டம் என்பதை நாற்பது என்று எழுதியிருந்தார்.

"பேசாமல் திருத்தி வையுங்கோ அக்கா. நிரந்தர வேலை தாறதோ எண்டு இந்தக் கிழமைதானே முடிவெடுக்கினம்?"

"ஓம், எடுக்கட்டும். பிழை விட்டது நான், ஏச்சு வாங்கினது அந்த மனிசன். இவ்வளவு ஊர் திரிஞ்சும் வெக்கப்பட மட்டும் பழகேல்லை நீ."

மறுநாள் நான்தான் காரில் கூட்டிப்போனேன். அக்கா வாத்தியக்காரர் எல்லோர் முன்னும் நின்று, நேற்றைய பிழை தன்னுடையது என்று தட்டுத்தடுமாறி டேனிஷில் சொன்னார். சிம்பல்காரர் எழுந்து, முப்பது வருடத்தில் இப்படிச் சொன்ன முதல் ஆள் இவர், இனி என் தாள்களை இவரே செய்யட்டும் என்றார். அந்த வாரமே வேலை நிரந்தரமானது. பதினான்கு வருடம் செய்தார். நோய்ப் படுக்கையிலும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

பராமரித்த தாதியருக்கும், சோறு கொண்டுவந்த இக்காஸ்ட், ஹேர்னிங் உறவுகளுக்கும், இன்று சவப்பெட்டியைத் தூக்கத் தோள் கொடுத்த சிம்பல்காரருக்கும் நன்றி. போனவர் விட்ட பிழைகளைப் பொறுக்கும்படி வீட்டார் கேட்பது எங்கள் வழக்கம். அக்கா அந்த வேலையை எனக்கு மிச்சம் வைக்கவில்லை.