மேடத்தைக் கவிழ்த்த ஞாயிறு

மேனேஜர் மேடத்தின் வலது காலை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அப்படியே அவரைக் கீழே தள்ள வேண்டும். ஜியு ஜிட்சு என்ற தற்காப்புக் கலை வகுப்பில் அதுதான் அன்றைய பாடம். ஆனால் தாம்பரத்தில் நான் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் என்னை நிரந்தரமாக்கலாமா என்று அந்த மாதம் முடிவு செய்ய வேண்டியவரும் அவர்தான். மரியாதையாகக் காலைக் கீழே வைத்துவிட்டேன்.

மின்சார ரயிலில் ஒருவன் வேண்டுமென்றே இடித்துவிட்டுப் போன ஆத்திரத்தில் சேர்ந்த வகுப்பு அது. ஞாயிறுதோறும் கூடுவாஞ்சேரியிலிருந்து வருவேன். பீர்க்கன்கரணையில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். முந்தின நாள் சாம்பார் வாசம் போயிருக்காது. மேடத்தை டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராம். நடப்பது போரடிக்கிறதென்று இங்கே வந்துவிட்டார். பெண்கள் நாங்கள் இரண்டே பேர் என்பதால் அவருக்கு நான், எனக்கு அவர்.

ஸ்வீப் என்ற பிடி இன்னும் மோசம். மல்லாந்து கிடந்தபடி, மேலே இருப்பவரைக் காலால் வாரிக் கவிழ்க்க வேண்டும். யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது என் வழக்கம். மேடத்தின் இடுப்பில் கால் பட்டதும் கை தானாகப் போய்விடும். அந்த இடைவெளி போதும், என் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

“இன்னாமா, சண்ட கத்துக்க வந்தியா, கும்புட வந்தியா?” என்பார் மாஸ்டர். ஒரு ஞாயிறு, இன்றும் கவிழ்க்காவிட்டால் சின்னப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கை எங்கும் போகாதபடி மேடத்தின் சட்டையை இறுகப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி வாரினேன். அவர் விழுந்த சத்தத்தில் சமையல்காரர் எட்டிப் பார்த்தார். மேடம் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு பாதியிலேயே கிளம்பினார். வேலை போயே போய்விட்டதென்று ரயிலில் அழுதேன்.

திங்கட்கிழமை வந்ததும் வராததுமாக அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் ஃபைல் இருந்தது. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு நாற்காலிகளை ஓரம் தள்ளினார்.

“நேத்துலேர்ந்து யோசிக்கிறேன். கால எங்க வச்ச? காட்டு.”

“இங்கயா மேடம்?”

“வேற எங்க? அடுத்த வாரம் நான் உன்னக் கவுக்கணும்ல.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தரைவிரிப்பில் மண்டியிட்டார். நானும் படுத்து, மெதுவாகத்தான் வாரினேன். அவர் கவிழ்ந்து நான் மேலே உட்கார்ந்திருந்த நேரம் பார்த்துப் பியூன் அண்ணன் டீயோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், மேஜை மேலிருந்த என் ஃபைலைப் பார்த்தார்.

“மேடம், அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்து போட்டுக் குட்த்துருங்க மேடம்” என்று கெஞ்சினார்.

“காலைலயே போட்டாச்சு,” என்றார் மேடம், கிடந்தபடியே. “டீய வச்சிட்டுப் போங்க.”